சொந்தச் சரக்கு

முதல் கடிதத்தில் என் பெயர் சரியாக இருந்தது.
இரண்டாவதில் லௌரி இஸ்பிஸ்டர்
லாரி இஸ்பிஸ்டர் ஆனேன்.
மூன்றாவது சிவப்பு எழுத்தில் வந்தது.
அதில் பெயரே இல்லை, ‘கடனாளர்’ மட்டும்.

அக்கார்டியனை வாங்கியது எழுபத்தெட்டில்,
லெர்விக் ஏலத்தில்,
மீன் ஆலையின் முதல் சம்பளத்தைக் கொட்டி.
அன்ஸ்ட் தீவில் நடந்த பாதிக் கல்யாணங்களுக்கு
அதுதான் ஆடவைத்தது.
போன வருடம் துருத்தி பிய்ந்து
ஃபா கட்டை ஆஸ்துமாக்காரன் போல இழுத்தது.
இத்தாலியில் ஒருவர் சரிசெய்வார் என்றார்கள்.
அனுப்பினேன்.
போனது என் பெட்டி.
திரும்பி வந்தது இறக்குமதி.

படிவத்தில் ஒரு கட்டம், சரக்கின் மதிப்பு.
வழியில் உடைந்தால் காப்பீடு கிடைக்கட்டும் என்று
ஆயிரத்து நூறு போட்டிருக்கிறார் மனுஷர்.
அந்த நல்ல மனசுக்கு இருபது சதவீதம் வரி.
கூரியர்காரர்கள் என்னைக் கேட்காமலே
எனக்காகக் கட்டிவிட்டார்கள்.
கட்டிய உபகாரத்துக்குக் கூலி
பன்னிரண்டு பவுண்டு.
சுண்டைக்காயும் என்னுடையது,
சுமைகூலியும் என் தலையில்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
வசூல்காரர்களுக்கு நல்ல நேரம்
காலை எட்டே கால்.
ஒற்றைத் தடச் சாலை, ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி
எடுத்தால், நார்தாம்ப்டனிலிருந்து கெல்வின்.
‘பாதுகாப்புக்காக உங்கள் பிறந்த தேதி சொல்லுங்கள்.’
‘கூப்பிட்டது நீதானே தம்பி?’
பின்னால் பதினோரு பிள்ளைகள்
அன்றைக்கென்று சத்தமே போடவில்லை.
‘வீட்டுக்கு ஆள் அனுப்ப நேரிடும், சார்.’
‘அனுப்பு. இரண்டு படகு மாற வேண்டும்.
காற்று ஒன்பதைத் தொட்டால் இரண்டும் ஓடாது.
மதியத்துக்கு வந்தால் சூப் இருக்கும்.’
அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம்.
சூப்பையும் பதிந்துகொண்டானோ என்னவோ.

வண்டி கிளம்பியதும்
முன்சீட்டு ஓஸ்லா கேட்டாள்:
‘லௌரி, நீ எதைத் திருடினே?’

ஆதாரம் கேட்டார்கள்.
தங்கை கல்யாணப் படத்தின் நகலை அனுப்பினேன்.
எண்பத்தொன்று, மார்ச். என் மடியில் பெட்டி,
இடது ஓரத்தில் முத்துச்சிப்பி உதிர்ந்த பள்ளம்கூடத் தெரியும்.
பதில் வந்தது:
படத்திலிருப்பவர் தாங்கள்தான் என
உறுதிசெய்ய இயலவில்லை.
அந்தத் தலைமுடியைப் பார்த்தால்
எனக்கும்தான் இயலவில்லை.

வீராப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.
ராத்திரி வேறு.
பிஸ்கட் டப்பாவில் பணம் இருந்தது,
இருநூற்று நாற்பத்தொன்று.
இரண்டு முறை எண்ணி இரண்டு முறை மூடினேன்.
‘கட்டித் தொலை, தூக்கமாவது வரும்’ என்றாள் மைமா,
சுவர்ப்பக்கம் திரும்பியபடியே.
மாடிப்படிக்குக் கீழே பெட்டி பிரிக்காமல் கிடந்தது.
வாசித்தால்
ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயம்.
கதவு தட்டப்பட்டால்
அடுப்பில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.
வந்தது முட்டைக்காரி.

பதினான்காம் வாரம் ஒற்றைத் தாள்.
கோப்பு முடிக்கப்பட்டது.
காரணம் இல்லை, மன்னிப்பு இல்லை.
கூடவே ஒரு காசோலை,
நான் எப்போதும் கட்டாத
அந்தப் பன்னிரண்டு பவுண்டைத் திருப்பித் தந்து.
மாற்ற வங்கிக்குப் போனால்
படகுக் கூலி அதைத் தின்றுவிடும்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
கணக்குப்படி பார்த்தால்
இப்போதுதான் நான் அவர்களுக்குக் கடன்.
இதற்கு யாரும் கூப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பிரித்தேன்.
புதுத் துருத்தி, தோல் வாசம்.
ஃபா மணியாகப் பேசுகிறது.
பக்கத்துக் கட்டைதான்
லேசாக இழுக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை.