சாம்பிள்

மூன்றாம் குறுக்குத் தெருவில்
பாஹிம் நானாவின் கடைக்குள்
ஒரு டெனிம் தனியாக நிற்கிறது,
கால் இரண்டும் விறைத்து,
உள்ளே ஆள் இல்லாமலே.

"தண்ணி படாத துணி தங்கச்சி.
இடுப்புக்கு ரெண்டு இஞ்சி கூட எடுங்க,
காலுக்கு மூணு.
மிச்சத்த அது பாத்துக்கொள்ளும்."

இதை எனக்கா சொல்கிறார்.
இரத்மலானையில் ஒன்பது வருஷமாக
துணி சுருங்குவதை அளந்துதான் சம்பளம் எடுக்கிறேன்.
கழுவ முன் ஒரு கோடு,
கழுவிய பின் ஒரு கோடு,
இடையில் காணாமல் போனது எத்தனை வீதம் என்று
படிவத்தில் எழுதி ஒப்பம் வைப்பேன்.
நீளத்தில் எட்டு. அகலத்தில் நாலு.
பெயர் தெரியாத ஊர்களின் இடுப்புகளுக்கு
நான் பிழை விட்டதே இல்லை.

"உங்கட அளவு?" என்று அவர்
நாடாவை நீட்டியபோது
எனக்கு வாய் வரவில்லை.

காலையில் இருபத்தொன்பதரை.
கன்டீன் சோத்துப் பார்சலுக்குப் பிறகு முப்பத்தொன்று.
மாதத்தில் நாலு நாள் அதற்கும் மேலே.
சம்பளத்துக்கு முந்தின கிழமை
எல்லாவற்றுக்கும் கீழே.
இதில் எவளுக்குச் சுருங்கவேண்டும் இந்தத் துணி?

நானாவின் நாடாவையும் நம்பமுடியாது.
இழுபட்டு இழுபட்டு
அதன் இஞ்சிகள் கொழுத்துப் போயிருந்தன.
கைப்பைக்குள் இருந்த என் உருக்கு நாடாவை
பக்கத்தில் வைத்துப் பிடித்தேன்.
அவருடைய முப்பது
முப்பதே முக்கால்.
"இவ்வளவு காலம்
ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வரல்லையே" என்றார்,
கோபமில்லாமல்.

முப்பத்திரண்டு எடுத்தேன்.
ஜூஸ் கடைவரை போய்
திரும்பி வந்து முப்பத்துமூன்றாக மாற்றினேன்.
நூற்றியோராம் பஸ்ஸில்
அது மடியில் மடங்க மாட்டேன் என்றது.

வெள்ளவத்தை அனெக்ஸில் குளிக்கும் தொட்டி ஏது.
உடுப்பு ஊறவைக்கும் சிவப்புப் பேசினுக்குள்
டெனிமோடு குந்தினேன்,
என்னில் பாதிதான் கொண்டது.
யூஜினா கேத்தலால் ஊற்றினாள்.
"சுடுகுதா?"
"சுடுகுது."
"நிப்பாட்டவா?"
"ஊத்து."
கஞ்சி மணத்தது.
பிறகு நீலம் இறங்கியது.
வெள்ளை மாபிளைப் பார்த்துவிட்டு யூஜினா,
"அட்வான்ஸ் காசை மறந்திடு" என்றாள்.

எழும்பி நின்றேன்.
துணி என்னைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.
காயும்வரை கழற்றக் கூடாது.
நடக்கவேண்டும்.

ஞாயிறு பின்னேரம் மரைன் டிரைவில்
சொட்டச் சொட்டப் போனேன்.
கடலுக்குள் விழுந்தாயா நங்கி என்று
ஒரு கடலைக்காரர் சிங்களத்தில் கேட்டார்.
"ஔ" என்றேன்.
விளக்கம் நீளம்.

தெஹிவளைக்குப் போகையில்
உப்புக்காற்று வலது தொடையைக் காயவைத்தது,
வரும்போது இடதை.
முதலில் முழங்காலின் பின்பக்கம் பிடித்தது,
பிறகு இடுப்பெலும்பில்,
கடன் கொடுத்தவன் தோளில் கைபோடுவதுபோல
மெதுவாக.
நடுப்பகுதி மட்டும் ஈரமாகவே இருந்தது,
யாருடையதாகவும் ஆகாமல்.

ரயில் பாதையோரக் கல்லில் ஒரு நிமிடம் இருந்தேன்.
எழும்பிப் பார்த்தால்
கல்லில் இரண்டு நீல அரைவட்டங்கள்.
இவ்வளவு அகலமா நான்?
சுற்றிப் பார்த்துவிட்டு
உருக்கு நாடாவை எடுத்து அளந்தேன்.
எண்ணை இங்கே எழுதப்போவதில்லை.

இரவு பொத்தான் பூட்டியது,
மூச்சை உள்ளே வைத்திருந்தால்.
யூஜினா கொத்துரொட்டி வாங்கி வந்திருந்தாள்.
ஆட்டிறைச்சி, முட்டை, மேலே குழம்பு.
கொஞ்சம் யோசித்தேன்.
மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை,
என் நகக்கண்களில் நீலத்தைக் கண்டு
எதிர்மேசை அனோஜிதன் கேட்டான்:
"லீவு நாளிலும் டெஸ்ட்டா?"
"ஓம். ஒரு சாம்பிள்."
"பாஸா, ஃபெயிலா?"

படிவத்தை இழுத்து
கழுவ முன் என்ற கட்டத்தைப் பார்த்தபடி சொன்னேன்:
"இன்னும் காயேல்லை."