மூன்றாம் நாள் ஈரம்

கரூரில் பஸ் பாடி கட்டுகிறவனை
நெரிஞ்சிப்பேட்டைத் துறைக்குக் கூப்பிட்டார்கள்.
"கூரைதானுங்க, பஸ்ஸா இருந்தா என்ன,
படகா இருந்தா என்ன" என்றார் குத்தகைக்காரர்.
பாதி உண்மை.
பஸ் நிற்கிற இடம் நனையாது.

கேபின் என்பது நாலடிக்கு ஆறடி.
ஸ்டியரிங், ஒரு பலகை, டிக்கெட் பெட்டி.
பெட்டிக்குள் ஊறி உப்பி
பத்து ரூபாய்ச் சீட்டெல்லாம் ஒரே சீட்டு.

முதலில் தண்ணியை விசாரிக்க வேண்டும்.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
சேறு ருசித்தால் ஆறு,
துரு ருசித்தால் கூரை வழி வந்த மழை.
துரு.

தரையைத் துணியால் ஒற்றி எடுத்து
ஒரு டப்பா முகப்பவுடரைத் தூவினேன்.
வெளியே லோகநாதன் ஓஸ் பிடித்தான்.
"கீழிருந்து மேலே வாடா, மெதுவா.
எடுத்ததும் கூரையில அடிச்சா
எல்லா ஓட்டையும் ஒண்ணாப் பேசும்,
ஒண்ணும் வெளங்காது."

உள்ளே டார்ச்சோடு குந்தியிருந்தேன்.
அடிவிளிம்பு, இல்லை.
ஜன்னல் கீழ்ச்சட்டம், இல்லை.
மேல்மூலைக்கு ஓஸ் வந்ததும்
என் முழங்காலருகே பவுடரில்
ஒரு கறுப்புப் புள்ளி.
பிறகு அதன் அண்ணன்.

சொட்டு விழும் இடம் அது இறங்கும் ஸ்டாப்பிங்.
எங்கே ஏறியது என்று சொல்லக்
கண்டக்டர் யாருமில்லை.
ரீப்பரைத் தடவி விரலால் பின்னோக்கிப் போனேன்,
வயர்க்குழாய், ஹாரன், தகட்டு மடிப்பு,
மூன்றடி தாண்டி அங்கே
ஆயுத பூசைக்கு வாழைக்கன்று கட்ட
யாரோ அடித்த ஆணி.
ஆணியைப் பிடுங்கிப் போனவன்
துளையை மறந்துவிட்டான்.

ஜன்னல் ரப்பர் கருவாடாய்க் காய்ந்திருந்தது.
பழைய சிலிக்கான்மேல் சிலிக்கான், அதன்மேல் தார்,
அதன்மேல் யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம்.
அத்தனையும் சுரண்டித் தின்னரால் துடைத்து
காயும் வரை காத்திருந்து
ரிவெட், வாஷர், புது ரப்பர், சீலன்ட்.
மறுநாள் அரை மணி நேரம் ஓஸ்.
பவுடர் வெள்ளையாகவே கிடந்தது.
ஓட்டுநர் சென்னியப்பன் டீயும் போண்டாவும் வாங்கித் தந்தார்.

மூன்றாம் நாள் விடியலில்
மழையில்லை, ஓஸ் இல்லை,
கூரைத் தகடெங்கும் வேர்த்திருந்தது.
கண்ணாடி உள்பக்கம் வழிகிறது.
டிக்கெட் பெட்டி மூடியில் ஒரு சின்னக் குளம்.
நாக்கில் வைத்தேன்.
சேறும் இல்லை, துருவும் இல்லை.

பலகையில் கை ஊன்றினேன். வெதுவெதுப்பு.
அடியில் சுருட்டிய போர்வை, சோப்பு டப்பா,
பல்பொடி, ஒரு செருப்பு.
"கதவைச் சாத்திக்குவனுங்க, குளுரு"
என்றார் சென்னியப்பன், ஆற்றிடம் சொல்வதுபோல.
அக்கரை பூலாம்பட்டியில் அவருக்கு வீடு உண்டு,
மாடி வைத்தது, நேற்று அவரே கைகாட்டினார்.
எத்தனை நாளாய் என்று நான் கேட்கவில்லை.
ராத்திரி முழுக்க விட்ட மூச்சு
குளிர்ந்த தகட்டில் முட்டித்
திரும்ப அவர்மேலேயே சொட்டியிருக்கிறது.

டிரில்லை எடுத்தேன்.
இரண்டு நாள் ஓட்டை அடைத்த சுவரில்
கதவுக்கு மேலே ஒன்று, பின்பக்கம் தாழ ஒன்று,
இரண்டங்குலத் துளை.
மழை ஏறாதபடி கீழ்நோக்கி வளைந்த மூடி.

பில்லில் குத்தகைக்காரரின் விரல் நின்றது.
"காத்துத் துளை ரெண்டு. இது எதுக்குங்க?"
சென்னியப்பன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்,
அவிழ்ந்த பிறகும்.
"பஸ்ஸுக்கும் வெப்போமுங்க" என்றேன்.