ஓரத்தில் எழுத்து உண்டு

நிலை: சுமார்.
தோல் அட்டை, முதுகு விட்டிருக்கிறது.
செம்புத் தகட்டுப் படங்கள் முப்பத்தொன்று,
கையால் வண்ணம் தீட்டியவை. ஒன்றைக் காணோம்.
அச்சான ஊர் லண்டன்.
ஆண்டு இருக்கவேண்டிய இடத்தில் புழுத்துளை.
மேலட்டையில் மெழுகு, வட்டம் வட்டமாய்.

மெழுகைப் பற்றி பிரிஜித்திடம் கேட்டேன்.
குறும்பனையிலிருந்து இரண்டு பஸ் மாறி
வடசேரி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள்.
"மாதாவுக்கு உயரம் பத்தல்லேன்னு
அடியில வச்சிருந்தது.
எத்தற வருசம்னு அறியாது.
என்ன வெல கிட்டும்?"

குறைகளை எழுதத்தான் எனக்குக் கூலி.
எழுதினேன்.
புழு சனியில் நுழைந்து
வியாழன், செவ்வாய் வழியே
நிலவின் கன்னத்தில் வெளியேறியிருக்கிறது.
இத்தனை தூரம் போன வேறு யாரையும் எனக்குப் பழக்கமில்லை.
கடற்காற்று ஈரம், பழுப்புப் புள்ளிகள்.
ஏழாம் படத்தில் எது புள்ளி, எது விண்மீன் என்று
பூதக்கண்ணாடி வைத்தும் பிரிக்க முடியவில்லை.
கூட்டியே எண்ணிவிட்டேன்.

காகிதச் சக்கரம் ஒன்று,
மாதத்தைத் திருப்பினால் வானம் திரும்பும்.
நடுவில் பட்டுநூல் இருந்திருக்க வேண்டும்.
இப்போது தங்கூசி.
வலை பொத்துகிறவர்கள் போடும் முடிச்சு,
அவிழ்க்கப் பார்த்து நகம்தான் போயிற்று.
சக்கரம் சுற்றுகிறது, நன்றாகவே.

ஆனால் அந்த வானம் இங்கத்தியது இல்லை.
வடமீன் அதில் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் உயரத்தில்.
நமக்கு அது தென்னந்தோப்புக்குப் பின்னால்,
இருக்கிறதா என்று தேடவேண்டிய ஒன்று.
தெற்கே போகப்போக படம் சட்டத்தில் முட்டி நின்றுவிடுகிறது.
இரட்டைக் கோடு, மூலைக்கொரு சம்மனசு,
கன்னம் புடைக்க ஊதிக்கொண்டு.

கோட்டுக்கு வெளியே, வெற்று ஓரத்தில்,
யாரோ மையால் தொடர்ந்திருக்கிறார்.
நாலு புள்ளி.
பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி:
"குருசு வெள்ளி. எங்களுக்கு இதுவும் தெரியும்."
தெரியும் என்றால், அறிவோம் என்றா,
கண்ணுக்குப் படும் என்றா?
அந்த ஒரு சொல்லில் அவருக்கு இரண்டுமே போதுமாயிருந்தது.

கீழே தேதிகள்.
மாசி மூன்று, மேகம்.
மாசி நாலு, மேகம்.
மாசி ஐந்து, மேகம், சாளை நிறைய.
பதினொரு நாள் இப்படி.
அப்புறம் ஒரு வரி, அடித்துத் திருத்தி:
"நான் வரைந்தது சாய்வு. அது நிமிர்ந்து நிற்கிறது."
பக்கத்திலேயே புதிதாய் நாலு புள்ளி.
பழையதை அழிக்கவில்லை.

வாங்குகிறவர் கொச்சியிலிருந்து பேசினார்.
கிறுக்கல் என்றால் பாதி விலைதான்.
ஓரத்தை ஒரு விரற்கடை வெட்டிக் கொடுத்துவிடுங்களேன்,
யாருக்குத் தெரியப்போகிறது?

அப்போதும் மாசிதான்.
நாலு புள்ளியை உள்ளங்கையில் பேனாவால் குத்திக்கொண்டு
இரவு இரண்டரைக்கு முட்டத்துக்கு ஸ்கூட்டரில் போனேன்.
பாறை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
கலங்கரை விளக்கின் வெளிச்சம் வந்து வந்து
தெற்கே எதையோ துடைத்துவிட்டுப் போயிற்று.
கடல் நெடுக விசைப்படகு விளக்குகள்,
தப்பாக எண்ணினால் அவையே ஒரு மண்டலம்.
அவற்றுக்கு மேல்
மேகம்.
நாலரை வரை இருந்தேன்.
ரோந்து போலீஸ்காரர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பி பென்சிலைச் சீவினேன்.
இருபத்திரண்டு வருடத் தொழிலில்
ஒரு புத்தகத்திலும் செய்யாத காரியம்.
அவருடைய கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு
"மேகம்" என்று எழுதினேன்.

பிறகு அறிக்கையை முடித்தேன்.
ஓரங்கள் முழுமை. வெட்டப்படவில்லை.
கையெழுத்து உண்டு,
இரண்டு பேருடையது.

பாதி விலைதான் என்று சொல்ல
பிரிஜித்தைக் கூப்பிட்டேன்.
"சரி" என்றாள், அவ்வளவுதான்.
மாதாவுக்கு இப்போ அடியில் என்ன என்று கேட்டேன்.
"செங்கல்லு வச்சோம்.
ஆடுது."