வலது மட்டும்

பஞ்சுருண்டையிலிருந்து ஓர் இழையைப் பிரித்து
விரல்நுனியில் திரித்துக்கொண்டாள் டாக்டர் ஸ்மில்கா.
"கண்ணை மூடிக்கொள்ளுங்கள், விஸ்வால்டிஸ்.
தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள்,
எந்தப் பக்கம் என்று."

லியபாயாவில் பிப்ரவரி.
சன்னலுக்குக் கீழே ஊரின் ஒரே ட்ராம் தடம்.
முப்பத்தோராண்டு அதில் வண்டி ஓட்டியவன்
கட்டில் விளிம்பில், சட்டையில்லாமல்,
பாஸ்போர்ட்டுக்குப் படமெடுக்க உட்கார்ந்தவன் போல
நிமிர்ந்திருந்தான்.

வலக் கன்னம். "வலது."
இடப் புறங்கை. "இடது."
இடது முழங்காலுக்குக் கீழே, பழைய தழும்பின் மேல்.
"இடது. கூசுகிறது."
ஊசியின் கூர்முனை எது, மழுங்கல் எது
எல்லாம் சொன்னான்.
அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரல் மூட்டில் வைத்ததும்
"சந்தை வளைவு," என்றான்.
அங்கேதான் வண்டி இப்படி நடுங்குமாம்.
டாக்டர் சிரித்துவிட்டாள். நானும்தான்.
இவ்வளவுதானா,
பக்கவாதம் வந்த வழியே போய்விட்டது,
திரும்பும்போது பீட்ரூட் வாங்க வேண்டும் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் இரண்டு கைகளையும்
ஒரே நேரத்தில் தொட்டாள்.

"வலது."

மறுபடியும், இரண்டையும்.

"வலது."

நான் வாயைத் திறந்தேன்.
டாக்டர் ஒரு பார்வை பார்த்தாள்.
பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்கு
விடை சொல்லப்போய் மாட்டிக்கொண்டவள் மாதிரி
மூடிக்கொண்டேன்.

அவன் பொய் சொல்லவில்லை. தயங்கவும் இல்லை.
அவன் குரலில் இருந்த நிம்மதிதான்
என் வயிற்றைப் பிசைந்தது,
கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டவனின் நிம்மதி.

நடைக்கூடத்தில் விளக்கம் சொன்னாள்.
இடக்கை மரத்துப்போகவில்லை.
தனியாக வந்தால் மூளை உள்ளே விடுகிறது.
இருவர் சேர்ந்து வந்து நின்றால்
ஒருவருக்குத்தான் கதவு.
"எத்தனை நாளைக்கு?" என்றேன்.
"சிலருக்குச் சரியாகும்," என்றாள்,
சிலருக்கு என்பதைக் கொஞ்சம் மெதுவாக.

மீன் ஆலையில் எனக்குப் பத்தொன்பது வருடம்.
புகையூட்டிய ஸ்ப்ராட் மீன்களை
தலைமாற்றி, வால்மாற்றி,
வலக்கைக்கு ஒரு டப்பா, இடக்கைக்கு ஒரு டப்பா என
பார்க்காமலே அடுக்குவேன்.
எந்தக் கையும் மற்றதை மறந்ததில்லை.
எனக்கு இது புரிந்திருக்க நியாயமில்லை.

வீட்டில்
நான் அவனுக்கு இடப்பக்கம் படுக்கிறவள்.
எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இரவு அவன் இடத்தோளில் கை வைத்தேன்.
திரும்பவில்லை.
வலக்கையில் சின்ன ரேடியோ,
கட்டைவிரல் அதன் திருகை வருடிக்கொண்டிருந்தது.
எனக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம்,
கல்யாணமான புதிதில் வருமே, அந்த மாதிரி.
பிறகு ஞாபகம் வந்து
கையை எடுத்துக்கொண்டேன்.

காத்திருந்தேன்.
செய்தி முடிந்தது.
வானிலை: மேற்கிலிருந்து காற்று, துறைமுகத்தில் பனிக்கட்டி.
ரேடியோவை மேசையில் வைத்தான்.
கண்ணாடியைக் கழற்றினான், மடக்கினான், வைத்தான்.
தண்ணீர் குடித்தான்.
இவ்வளவு வேலையா ஒரு மனிதனின் வலக்கைக்கு!
கடைசியில் அது போர்வை மேல் மல்லாந்தது,
எதையும் பிடிக்காமல்.

அப்போது தொட்டேன்.

"மிர்ட்ஸா," என்றான்,
"கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது?
இப்போதுதான் வந்தாயா?"