இதர செலவுகள்

காங்கயம் ரோட்டில் ராக்கியண்ணன் கம்பெனி.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
நானூறு ஓவர்லாக் மெஷின்கள்
சத்தமே இல்லாமல் ஓடுகின்றன.
இந்தப்பக்கம் ஏசி,
என் மடியில் பதினெட்டுப் பக்கத் திட்ட அறிக்கை.
மூன்றாம் முறையாக வந்திருக்கிறேன்.

"டீ சாப்புடுங்க அம்மிணி, மொதல்ல."
இந்த ஊரில்
இல்லையென்று சொல்வதற்கு முன்னால் டீ வரும்.
சரியென்று சொல்வதற்கு முன்னாலும்
அதே டம்ளர், அதே டீ.
பத்து வருஷமாக நன்கொடை கேட்டு அலைகிறேன்,
வித்தியாசம் பிடிபடவில்லை.

ரயில் நிலையத்தில் உதவி மேசை,
ஒடியாவும் இந்தியும் தெரிந்த இரண்டு பேர்.
"எங்க பேரு எங்க வரும்?"
மேசைக்கு முன்னால், பெரிதாக.
குடிதண்ணீர் மெஷினா, தொட்டியின் நாலு பக்கமும்.
பிள்ளைகளின் மாலை வகுப்பென்றால்
சுவரில், பையில்,
வேண்டுமானால் பென்சில் டப்பாவில்.
அவர் பேனா தலையாட்டிக்கொண்டே வந்து
பதினோராம் பக்கத்தில் நின்றது.

"இதென்னங்க, ஃப்ரீசர் பெட்டி?"

சொன்னேன்.
போன ஆவணியில் ரபீந்திர மாஜி, பலாங்கீர் பக்கம்.
ஞாயிற்றுக்கிழமை, அறையில், தூக்கத்தில்.
மெஷினில் சாகவில்லை, அதனால் கம்பெனி இல்லை.
விபத்தும் இல்லை, அதனால் இன்சூரன்ஸ் இல்லை.
வெயில் இருந்தது.
கூடப் படுத்திருந்த ஏழு பேர் பணம் புரட்ட
இரண்டரை நாள்.
ஐஸ் கட்டி வாங்கியே பாதி தீர்ந்தது.
நூல் கிலோ கணக்கு, துணி கிலோ கணக்கு,
கட்டிங் வேஸ்ட்டும் கிலோ கணக்குதான் இங்கே.
கோவை விமான நிலையச் சரக்குப் பிரிவில்
அவனையும் தராசில் ஏற்றினார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு, பெட்டியோடு சேர்த்து.

சமூகப் பொறுப்பு நிதியைப் பார்க்கும் ஷர்மிளா
மெல்லச் சொன்னாள்:
"டென்மார்க் பையர் ஃபோட்டோ கேப்பாங்க மேடம்.
கட்டடம், சிரிக்கற குழந்தைங்க, இந்த மாதிரி.
அப்புறம் இந்தப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு."
பார்த்தேன்.
'பயனாளியின் கருத்து.'
அவளும் அப்போதுதான் அதைப் படித்தாள் போல,
லேப்டாப்புக்குள் குனிந்துகொண்டாள்.

ராக்கியண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.
"தப்பா நெனைக்காதீங்க.
மொய் எழுதறதுன்னாலும்
மைக்குல பேரு படிக்கணுமில்லீங்களா?
யாரு எழுதுனதுன்னு தெரியாத மொய்யி
எப்புடித் திரும்பி வரும்?"

"எழவு ஊட்டுல மைக் வெக்கிறதில்லீங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது.
அறிக்கையில் இல்லாத வரி,
பயிற்சி வகுப்பில் சொல்லவே கூடாதென்ற வகை வரி.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யாரோ ஒருத்தி
நூல் அறுந்து கையைத் தூக்கினாள்.
லைன் சூப்பர்வைசர் ஓடினான்.
அவள் கை இறங்கும்வரை
ராக்கியண்ணன் அங்கேயே பார்த்திருந்தார்.

"தண்ணி மெஷினு நாலு போட்டுக்கோங்க, எங்க பேருல.
இந்தப் பெட்டிய
இதர செலவுகள்ல போட்ருங்க.
ஆடிட்டர் கேட்டா நான் பேசிக்கறேன்."

மூன்று வருஷ ஒப்பந்தம்.
ஷர்மிளா பிரிண்ட் எடுக்கப் போனாள்.
வாசல்வரை வந்தவர்
செருப்பை மாட்டும் என்னிடம்,
சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பதுபோல:
"ஒண்ணே ஒண்ணுங்க.
எப்பவாச்சும் எங்க ஆளா இருந்தா,
யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

சரிங்க என்றேன்.
பஸ்ஸில் நொய்யல் பாலம் தாண்டும்போதுதான்
அந்தச் 'சரிங்க' என் காதில் விழுந்தது.

தண்ணீர் மெஷின்கள் தையில் திறந்தார்கள்.
ரிப்பன், மாலை, ஃபோட்டோ எல்லாம்.
பெட்டி அதற்கு முந்தின ராத்திரியே
டெம்போவில் வந்து இறங்கியிருந்தது.

பங்குனியில் முதல் ஆள்.
பத்தொன்பது வயது, மால்டா பக்கம்.
எந்த ஊர் என்று கேட்டேன்,
அப்பா பேர் கேட்டேன்,
படிவத்தில் அடுத்த கட்டம் கம்பெனி.
மைத்துனன் வாயெடுத்தான்.

கையமர்த்திவிட்டு
பிளக்கைச் சொருகினேன்.