இருக்க வேண்டிய எடை

புதன்கிழமைதோறும் தொங்கு தராசில்
பிள்ளைகளைத் தூக்கி மாட்டுவேன்.
கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்.
மஞ்சளிலும் சிவப்பிலுமே புள்ளி வைத்துப் பழகிய கை.
பச்சைக்கு மேலே ஏறிப்போன புள்ளி
ஒன்றே ஒன்று. லெவின்.
எட்டு மாதம். பத்துக் கிலோ இருநூறு.

காசிமேட்டில் ஏலம் முடிய நின்று
பால்சுறா வாங்கிப் புட்டு செய்து தின்றவள் பெனிட்டா.
"தொடையப் பாருக்கா, வளையல் மாட்ன மாரி கீது."
நானும் அந்த மடிப்பில் விரல் வைத்து
மற்றவர்களிடம் காட்டினேன்:
பிள்ளைன்னா இப்படி வளர்க்கணும்.

ஐப்பசியில் மூன்று நாள் ஜுரம்.
நாலாம் நாள் விட்டது.
விட்டதே என்று துணி நனைப்பதை நிறுத்தினாள்.
அப்போதுதான் கால் சில்லிட்டது.

ஸ்டான்லியில் நரம்பு கிடைக்கவில்லை.
என் பெருமையெல்லாம் கொழுப்பாய்க் கிடந்து
ஊசியை மறித்தது.
ரத்தத்திலிருந்து தண்ணீர் கசிந்து
வயிற்றில் தேங்குகிறது என்றார்கள்.
தேங்குவதைப் பற்றி எங்களுக்கா சொல்ல வேண்டும்?
லாரி எப்போது வருமென்று தெரியாத தெருவில்
நீல டிரம் நிரம்பியேதான் நிற்கும்.

"எடை?" என்றார் டாக்டரம்மா.
சட்டென்று சொன்னேன்.
"அது இல்லம்மா. இந்த வயசுக்கு இருக்க வேண்டிய எடை.
அத வெச்சுத்தான் டிரிப்ஸ் கணக்கு."
எட்டு அறுநூறு.
பதினோரு வருஷமாய் அந்த எண்ணை
குறையைச் சொல்ல மட்டுமே எடுத்திருக்கிறேன்.

இரவு, வராந்தாவில், பெனிட்டா கேட்டாள்:
"நான் குட்த்த பாலாக்கா?"
பால் இல்லை என்றேன்.
மீதியைச் சொல்லவில்லை:
உனக்கு எப்போதோ வந்த ஜுரம்
உன் ரத்தத்தில் காவலாளிகளை நிறுத்தியது,
வயிற்றிலிருந்தவனுக்கும் சிலரை அனுப்பினாய்,
எட்டு மாதத்தில் அவர்கள் தளர்ந்துபோய்
திருடனுக்கே கதவைத் திறக்கிறார்களாம்.
கொழுத்த பிள்ளையிடம் அது மூர்க்கமாம், சில நேரம்.
ஏனென்று சரியாகத் தெரியாதாம்.

அடுத்த கட்டிலில் சிவப்புக் கோட்டுத் துர்கேஷ்
ரெண்டே நாளில் இறங்கி வீட்டுக்குப் போனான்.
அதற்காக மெலிவை மெச்சுவதா?
போன கோடையில் வயிற்றுப்போக்கில் போன
அவன் அக்காவின் அட்டையிலும்
கடைசிப் புள்ளி சிவப்புதான்.

லெவின் பிழைத்தான். ஒன்பது கிலோ நூறு.
இந்தப் புதனும் வந்தார்கள்.
புள்ளி வைத்தேன்.
நல்லதென்றோ கெட்டதென்றோ நாக்கு எழவில்லை.
பெனிட்டா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"டிரம்முக்கு மூடி வாங்கினியா?"
"மூடி நானூறு ரூபாக்கா.
பழைய பேனர் கிழிச்சி கட்டிக்கீறேன்."