பக்கம் நாற்பத்தொன்று

என் கையெழுத்துதான்.
மறுக்க வழியில்லை.
எழுபத்தெட்டு, ஜூலை, பக்கம் நாற்பத்தொன்று:
"போசோ செனிசா. ஆட்கள் இல்லை. கைவிடப்பட்ட இடம்."

பண்ணைக்காரரின் வக்கீல்
பிளாஸ்டிக் உறையோடு அதைத் தூக்கிக் காட்டினார்,
செத்த எலியை வாலால் பிடித்தவர்போல.
"உங்கள் குறிப்பேடுதானே, முனைவர் வயேஹோஸ்?"
அசுன்சியோனில் அன்று மின்விசிறி ஓடவில்லை.
ஆமாம் என்றேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது.
பராகுவேயின் சாக்கோ காட்டுக்கு
மாடு ஏற்றும் லாரியில் இரண்டு நாள்.
வயிற்றுப்போக்கு. புது பூட்ஸ் கடித்த குதிகால்.
ஏழு குடிசைகள், ஒரு கிணறு,
குரைக்கவும் சோம்பிய ஒரு நொண்டி நாய்.
ஒரு படம் எடுத்தேன்.
எழுதினேன், மூடினேன், லாரியில் ஏறினேன்.
அடுப்புச் சாம்பலில் கை வைத்துப் பார்க்கவில்லை.

பிறகுதான் வேலி வந்தது,
ஐந்து கம்பி, முப்பது கிலோமீட்டர்.
வேலிக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே
இருபது மீட்டர் அகலத்தில்
பதினேழு வருடம் ஒரு ஊர் தார்ப்பாயின் கீழ் கிடந்தது.
லாரி மோதிச் செத்தவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது.
எந்தக் கிணற்றை யார் தோண்டினார்,
எந்தக் கெப்ராச்சோ மரத்தடியில் யாருடைய குழந்தை,
எல்லாவற்றையும் வரைபடத்தில் புள்ளியாக்கினேன்.
அமைச்சகத்தில் ஒவ்வொரு புது அதிகாரிக்கும்
முதலிலிருந்து கதை சொன்னேன்.
புத்தகம் எழுதினேன், பரிசும் கொடுத்தார்கள்.
ஏட்டுச் சுரைக்காய்.

சாட்சிக்கூண்டிலிருந்து இறங்கிய இரவு
லெயோகாதியாவிடம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்கொம்பில் தெரெரே ஊற்றினாள்.
உறிஞ்சினாள். எனக்கும் ஊற்றினாள்.
"பச்சைச் சட்டை போட்டிருந்தாய்" என்றாள்.

எனக்குக் கொம்பு கை நழுவியது.

"முள்செடிக்குள் குப்புறக் கிடந்தோம், பதினொரு பேர்.
எனக்கு ஒன்பது வயது.
தம்பியின் வாயை நான்தான் பொத்தியிருந்தேன்.
பூட்ஸ் போட்டவர்கள் வந்தால் ஒளிய வேண்டும், அவ்வளவுதான்.
நாங்கள் இல்லை என்று நீ எழுதியதை
நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்."

மறுநாள் அந்தப் படச்சுருளைத் தேடியெடுத்தேன்.
மூலையில் நாய்.
அதன் முன்னே பாதியாய் வெட்டிய சுரைக்குடுவை,
விளிம்புவரை தண்ணீர்,
தண்ணீரில் ஒரு துண்டு வானம்.
வடகாற்று வீசும் ஜூலையில்
அந்தத் தண்ணீர் மறுநாள் வரை இருக்காது.
நாய்க்குக் கிணற்றில் இறைக்கவும் தெரியாது.
நீதிபதி உருப்பெருக்கியை வைத்து
நெடுநேரம் குனிந்திருந்தார்.
முப்பத்தொரு வருட வேலையில்
நான் பார்க்காமல் எடுத்த ஒன்று
எனக்காகப் பேசியது.

கேட்டது பதினாலாயிரம் ஹெக்டேர்.
கிடைத்தது எட்டாயிரம்.
கல்லறைகளில் பாதி இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம்.
கொண்டாடவும் அழவும் நேரமில்லை,
நிலத்தடி நீர் உப்பு.
குழாய் யார் போடுவது, மாடா தேனீயா,
பள்ளிக்கூடம் எந்தக் குடும்பத்துப் பக்கம்,
மூன்று மாதம் சண்டை.
வாக்கெடுப்பில் என் யோசனை தோற்றது.
எனக்கு வாக்கும் கிடையாது.
சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது பம்புசெட் கணக்கு மட்டும் என்னிடம்.
போன மாதம் குறிப்பேடு நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்தது.
லெயோகாதியாவிடம் பேனாவோடு நீட்டினேன்:
நாற்பத்தொன்றை அடித்துவிடு.
அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்,
ஆட்கள், இல்லை.
சிரித்தாள்.
"இருக்கட்டும். எவ்வளவு நன்றாக ஒளிந்தோம் என்பதற்கு
வேறு சாட்சி ஏது?"

பிறகு டீசல் ரசீதை விரித்து
பன்னிரண்டு லிட்டர் இடிக்கிறதே என்றாள்.